சுரங்கத்துக்குள் எல்லோரும் கறுப்புதானாம்!

சென்ற மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் 'ஹார்லன் கவுண்டி, யு.எஸ்.ஏ' என்ற ஆவணப்படத்தைத் திரையிட்டோம். பார்பரா காப்பிள் எடுத்து 1976இல் வெளிவந்த படம், ஆஸ்கர் விருது பெற்றது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ப்ரூக்சைட் என்ற நிலக்கரிச் சுரங்கத்தில் 1973இல் தொடங்கி ஓராண்டுக்கும் மேல் நடந்த வேலைநிறுத்தம்தான் அதன் கதை. மறியலில் முன்னால் நிற்கும் பெண்களைப் பார்த்து நாங்கள் எல்லோரும் கைதட்டினோம்.

படம் முடிந்ததும் தொழிற்சங்கத்தில் பல்லாண்டு அனுபவம் உள்ள தோழர் ஒருவர் எழுந்தார். "பார்த்தீங்களா, சுரங்கத்துக்குள்ள இறங்கிட்டா வெள்ளைக்காரனும் கறுப்பன்தான். கரித்தூள் எல்லார் மூஞ்சியையும் ஒண்ணாக்கிடுது. நீங்கதான் எதுக்கெடுத்தாலும் சாதி சாதின்னு தொழிலாளியைப் பிரிக்கிறீங்க" என்றார்.

அவர் சொன்னதில் முதல் பாதி அவருடைய சொந்தச் சரக்கு அல்ல. அமெரிக்கச் சுரங்க ஊர்களில் வெகுகாலமாகப் புழங்கி வரும் பேச்சுதான் அது. கறுப்பினத் தொழிலாளர்களிலும் சிலர் அதைப் பெருமையோடு சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது பாதி மட்டும் நமக்கென்று சேர்த்துக் கொடுத்தது. அன்றைக்கு நாங்கள் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய அவசரம் ஒரு காரணம். கையில் ஆதாரம் இல்லை என்பது உண்மையான காரணம். அந்தப் பதிலை இப்போது எழுதுகிறோம், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

அதே ஹார்லன் கவுண்டியில் லிஞ்ச் என்று ஓர் ஊர் இருக்கிறது. கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கென்டக்கியிலேயே உயரமான பிளாக் மவுண்டன் மலையின் அடிவாரத்தில், ஒரு ஓடையின் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு நீளமாகக் கிடக்கும் சிற்றூர். 2020 கணக்கெடுப்பில் எழுநூறு பேர்கூட இல்லை. ஆனால் ஒரு காலத்தில் அங்கே சுமார் பத்தாயிரம் பேர் வாழ்ந்தார்கள். 1917இல் யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்தின் துணை நிறுவனமான யு.எஸ். கோல் அண்ட் கோக் அந்த ஊரைக் கட்டியது. யு.எஸ். ஸ்டீல் அன்றைக்கு உலகத்திலேயே பெரிய எஃகு நிறுவனம். உலைகளுக்கு நிலக்கரி வேண்டும், நிலக்கரிக்கு ஆள் வேண்டும், ஆளுக்கு வீடு வேண்டும். ஆகவே வீடு, கடை, மருத்துவமனை, பள்ளிக்கூடம், கோயில் எல்லாவற்றையும் கம்பெனியே கட்டியது. காவலர்களும் கம்பெனி ஆட்கள்தான். கம்பெனிக் கடையில் செல்லுபடியாகும் டோக்கனாகவும் கூலி கிடைத்தது. வேலை போனால் வீட்டையும் காலி செய்ய வேண்டியதுதான். அந்த ஊர்ச் சுரங்கத்தில் 1923 பிப்ரவரியில் ஒரே ஷிப்டில் 12,000 டன்னுக்கு மேல் கரி எடுத்து உலக சாதனை படைத்தார்கள் என்று இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

ஊரின் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. கும்பலாகச் சேர்ந்து ஒருவரை அடித்துத் தூக்கில் தொங்கவிடுவதை ஆங்கிலத்தில் 'லிஞ்ச்' செய்வது என்பார்கள். அமெரிக்கத் தெற்கில் கறுப்பின மக்களுக்கு அது என்னவாக இருந்தது என்பதை இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இந்த ஊருக்கு அதனால் பெயர் வரவில்லை, அந்த நிலக்கரி நிறுவனத்தின் தலைவராக இருந்த தாமஸ் லிஞ்ச் என்பவரின் பெயர் அது. இருந்தாலும், அலபாமாவிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த ஒரு குடும்பம், சொந்தக்காரர்களுக்குக் கடிதம் எழுதும்போது முகவரியில் அந்தச் சொல்லைத்தான் எழுத வேண்டியிருந்தது.

ஆமாம், அலபாமாவிலிருந்து வந்தவர்கள். அமெரிக்க நிலக்கரி ஊர் என்றால் நம் கண்ணில் வருவது தாடி வைத்த, தலையில் விளக்குத் தொப்பி போட்ட வெள்ளைக்காரர். ஆனால் லிஞ்ச் ஊருக்குக் கம்பெனியின் ஆள்பிடிப்புத் தரகர்கள் அலபாமாவின் பர்மிங்காம் பக்கத்திலிருந்து கறுப்பினத் தொழிலாளர்களை ரயில் ரயிலாகக் கொண்டுவந்தார்கள். அப்பகுதியில் நிலக்கரியும் இரும்பும் வெட்டிப் பழகியவர்கள் இருந்தார்கள், வெள்ளை மிராசுகளின் நிலத்தில் வாரத்துக்கு உழுது கடனில் மூழ்கியவர்களும் இருந்தார்கள். இத்தாலி, ஹங்கேரி, போலந்து என்று ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மலைநாட்டு வெள்ளையர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். இந்த மூன்று வகையினரையும் அளவு பார்த்துக் கலந்து வைப்பது அப்பலாச்சிய நிலக்கரி முதலாளிகளின் அறிந்த உத்தி. ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது, ஒருவரை மற்றவர் நம்ப மாட்டார், சங்கம் கட்ட முடியாது. தொழிலாளியைப் பிரித்தது யார் என்று கேட்ட தோழர் முதலில் இங்கிருந்து தொடங்கியிருக்கலாம்.

இன்னொரு சேதி. 1907இல் அலபாமாவின் பெரிய நிலக்கரி, இரும்பு நிறுவனமான டென்னசி கோல், அயர்ன் அண்ட் ரெயில்ரோடு கம்பெனியை யு.எஸ். ஸ்டீல் வாங்கியது. அந்த நிறுவனம் தன் சுரங்கங்களில் சிறைக் கைதிகளை வாடகைக்கு எடுத்து வேலை வாங்கி வந்தது. கைதிகளில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். வேலையில்லாமல் திரிந்தார் என்பது போன்ற அற்பக் குற்றச்சாட்டில் பிடித்து, அபராதம் கட்ட முடியாததால் சுரங்கத்துக்கு விற்கப்பட்டவர்கள் ஏராளம். யு.எஸ். ஸ்டீல் வாங்கிய பிறகும் சில ஆண்டுகள் இது தொடர்ந்தது. டக்ளஸ் பிளாக்மன் இதைப் பற்றி எழுதிய நூலுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அலபாமாவில் கறுப்பு உடலைச் சங்கிலியில் கட்டி வேலை வாங்கிய அதே முதலாளி, பத்தே ஆண்டுகளில் கென்டக்கியில் கட்டிய 'முன்மாதிரி நகரத்துக்கு' அதே மக்களை அழைத்தார். வந்தவர்களுக்கு லிஞ்ச் நல்ல ஊராகத்தான் தெரிந்தது. கூலி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், உடம்புக்கு வந்தால் டாக்டர். அவர்கள் விட்டுவந்த இடத்தோடு வைத்துப் பார்த்தால் அது பொய்யும் அல்ல. இதை மறைத்து எழுதினால் நாம் நேர்மையற்றவர்களாகிவிடுவோம்.

சரி, சுரங்கத்துக்குள் இறங்குவோம். அங்கேதானே எல்லோரும் ஒன்று என்கிறார்கள்.

அந்தக் காலத்துச் சுரங்க வேலையில் படிகள் உண்டு. முதலில் ஒரு இயந்திரம் கரிப்படுகையின் அடிப்பகுதியை அறுத்து வைக்கும். பிறகு துளை போட்டு வெடி வைப்பார்கள். சரிந்து கிடக்கும் கரியை மண்வெட்டியால் அள்ளி வண்டியில் போடுவது அடுத்த வேலை. வண்டிகளை இழுத்துப் போகும் மின் எஞ்சினை ஓட்ட ஒருவர், அதற்குப் பிரேக் போட ஒருவர். இவர்களுக்கெல்லாம் மேலே ஃபோர்மன். கரி அள்ளிப் போடுபவருக்கு டன் கணக்கில் கூலி. ஒரு டன்னுக்கு வெள்ளையருக்கு என்ன விலையோ அதே விலைதான் கறுப்பருக்கும். 'சம கூலி' என்று சொல்வது இதை வைத்துத்தான். நிலத்துக்கு மேலே, அமெரிக்கத் தெற்கில் எந்த வேலையிலும் அப்படி ஒரு சமத்துவம் அபூர்வம் என்பதையும் ஒப்புக்கொள்வோம்.

ஆனால் அந்த விலை எல்லோருக்கும் ஒன்றாக இருந்தது, வேலை ஒன்றாக இருக்கவில்லை. கறுப்பினத் தொழிலாளர்கள் பெரும்பாலும் கரி அள்ளிப் போடும் வேலையிலும் பிரேக் போடும் வேலையிலும் நிறுத்தப்பட்டார்கள். அறுப்பு இயந்திரத்தை ஓட்டுவது, எஞ்சின் ஓட்டுவது போன்றவை வெள்ளையர் கைக்கே பெரும்பாலும் போயின. ஃபோர்மன் வேலை கேட்கவே வேண்டாம். ஒரு வெள்ளையருக்கு ஒரு கறுப்பர் உத்தரவு போடும் நிலை வந்துவிடக் கூடாது என்பது எழுதாத சட்டம். எந்தத் தொழிலாளிக்கு எந்த அறை என்று தீர்மானிப்பதும் அந்த வெள்ளை ஃபோர்மன்தான். அறைக்கு அறை வித்தியாசம் உண்டு. ஒன்றில் கரிப்படுகை உயரமாக இருக்கும், நின்றுகொண்டே அள்ளலாம். இன்னொன்றில் முழங்காலில் ஊர வேண்டும், தண்ணீர் தேங்கிக் கிடக்கும், கரியோடு பாறையும் கலந்து வரும். பாறையை ஒதுக்குவதற்கும் தண்ணீரை இறைப்பதற்கும் கூலி கிடையாது, டன்னுக்குத்தான் கூலி. மோசமான அறைகள் யாருக்குப் போயின என்பதை அப்பலாச்சியக் கறுப்பினச் சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றி ஆராய்ந்த ரொனால்ட் லூயிஸ், ஜோ டிராட்டர் போன்ற வரலாற்றாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். விலைப்பட்டியலில் நிறம் தெரியாது. மாலையில் எடை போட்டுக் கணக்கு எழுதும்போது தெரியும்.

வேலையைப் பிரித்துக்கொள்வதற்கும் வேலை செய்பவர்களையே பிரித்து அடுக்கி வைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே நமக்கு விளக்கிவிட்டார். அதைப் படித்த கண்ணுக்கு லிஞ்ச் சுரங்கம் அந்நியமாகத் தெரியாது. அவரே 1946இல் கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார், டுபாய்ஸ் பதிலும் எழுதினார். பிளாக் பாந்தர்களின் பெயரை எடுத்துத்தான் 1972இல் பம்பாயில் தலித் பாந்தர்கள் பிறந்தார்கள். ஆகவே "அமெரிக்காக்காரன் கதை நமக்கெதற்கு" என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. நாம் அவர்களைப் படிப்பது நேற்று தொடங்கிய பழக்கம் அல்ல.

இனி சங்கத்துக்கு வருவோம். தோழர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர் சங்கமான யுனைட்டெட் மைன் ஒர்க்கர்ஸ் 1890இல் தொடங்கப்பட்டது. இனம், மதம், பிறந்த நாடு பார்க்காமல் எல்லோரையும் சேர்த்துக்கொள்வோம் என்று தன் விதியிலேயே எழுதி வைத்த சங்கம். அந்தக் காலத்தில் பல கைவினைச் சங்கங்கள் கறுப்பர்களுக்குக் கதவையே திறக்கவில்லை. அந்த வகையில் இது பெரிய விஷயம், கறுப்பினத் தொழிலாளர்களும் உயிரைக் கொடுத்து அதைக் கட்டினார்கள். 1930களில் ஹார்லனில் சங்கம் வைக்க முயன்றவர்கள் சுடப்பட்டார்கள், அடித்து விரட்டப்பட்டார்கள். 'இரத்த ஹார்லன்' என்ற பெயர் அப்போது வந்தது. அந்தப் பத்தாண்டின் கடைசியில்தான் சங்கம் அங்கே காலூன்ற முடிந்தது. கூலி உயர்ந்தது, ஓய்வூதியம் வந்தது, 1950களில் சங்கத்தின் நல நிதியிலிருந்து அப்பலாச்சியாவில் பத்து மருத்துவமனைகள் கட்டினார்கள், அவற்றில் ஒன்று ஹார்லனில். இதையெல்லாம் யாரும் குறைத்துச் சொல்ல முடியாது.

இருந்தும், அலபாமா போன்ற இடங்களில் கறுப்பரும் வெள்ளையரும் கலந்த சங்கக் கிளைகளில் ஒரு வழக்கம் இருந்தது. தலைவர் வெள்ளையர், துணைத் தலைவர் கறுப்பர். உறுப்பினர்களில் பெரும்பான்மை கறுப்பராக இருந்தாலும் அப்படித்தான். 'யுஎம்டபிள்யூ சூத்திரம்' என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். படித்தபோது எங்களில் ஒருவர் சிரித்துவிட்டார். ஏன் சிரித்தார் என்று நம் வாசகர்களுக்குத் தெரியும்.

1950இல் நிலக்கரி முதலாளிகளோடு சங்கத் தலைவர் ஜான் எல். லூயிஸ் ஒரு பெரிய ஒப்பந்தம் போட்டார். சுருக்கமாகச் சொன்னால், நல நிதிக்கு ஒவ்வொரு டன்னுக்கும் முதலாளி பணம் தருவார், பதிலுக்கு இயந்திரங்கள் வருவதைச் சங்கம் தடுக்காது. பொருளாதாரம் தெரிந்தவர்கள் இதை அறிவார்ந்த முடிவு என்று பாராட்டினார்கள். குறைவான ஆட்கள், நல்ல கூலி என்பது லூயிஸின் கணக்கு. அந்தக் குறைவான ஆட்கள் யார்? இயந்திரம் முதலில் விழுங்கியது கரி அள்ளிப் போடும் வேலையை. அந்த வேலையில் யாரை நிறுத்தி வைத்திருந்தார்கள் என்று மேலே பார்த்தோம். புதிய இயந்திரங்களை ஓட்டும் வேலை, பழைய இயந்திரங்களை ஓட்டிப் பழகியவர்களுக்குப் போனது. பணிமூப்பை வேலை வகைக்குள்ளேயே கணக்கிட்டால், இருபது வருடம் கரி அள்ளியவரின் மூப்பு இயந்திரத்தின் முன்னால் செல்லாக்காசு. "கறுப்பர்களை நீக்கு" என்று யாரும் உத்தரவு போடத் தேவைப்படவில்லை. 1950இல் அமெரிக்கா முழுதும் நான்கு லட்சத்துக்கும் அதிகமாக இருந்த நிலக்கரித் தொழிலாளர்கள் 1960களின் கடைசியில் ஒன்றரை லட்சத்துக்கும் கீழே வந்தார்கள். எல்லா நிறத்தவரும் வேலை இழந்தார்கள், ஆனால் அப்பலாச்சியச் சுரங்கங்களில் கறுப்பினத்தவரின் பங்கு அதைவிட வேகமாகக் கரைந்தது.

தோழரின் வாக்கியத்துக்கு எங்கள் பதிலின் மையம் இதுதான். முகத்தில் படிந்த கரித்தூள் ஷிப்டு முடிந்து குளித்தால் போய்விடும். யாருக்கு மண்வெட்டி, யாருக்கு இயந்திரம் என்று முதல் நாளே எழுதிய பட்டியல் முப்பது வருடம் கழித்து ஆட்குறைப்புப் பட்டியலாகத் திரும்பி வந்தது. ஏற்கெனவே இருந்த பிரிவினையைப் பேசாமல் விட்டதுதான் அந்தத் தொழிலாளர்களை வெளியே தள்ளியது, பேசியது அல்ல.

நிலத்துக்கு மேலே நடந்ததை நீட்டி முழக்க வேண்டாம். ஊரில் கறுப்பினக் குடும்பங்களின் வீடுகள் தனிப் பகுதிகளில். கோயில் தனி, கேளிக்கை தனி. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பள்ளியில் படிப்பதைத் தடை செய்யும் சட்டத்தைக் கென்டக்கி 1904இலேயே கொண்டுவந்திருந்தது, 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. ஆகவே லிஞ்சில் இரண்டு பள்ளிகள்.

அந்தக் கறுப்பினப் பள்ளியைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும், ஏனென்றால் எங்களுக்குள்ளேயே இதில் சண்டை வந்தது.

காரிடா பிரவுன் என்ற சமூகவியலாளர் 'கான் ஹோம்' என்ற நூலை 2018இல் வெளியிட்டார். அவருடைய குடும்ப வேர் லிஞ்சில் இருக்கிறது. ஹார்லன் கவுண்டியில் வளர்ந்து நாடெங்கும் சிதறிப்போன கறுப்பினத்தவரிடம் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நேர்காணல்கள் எடுத்து எழுதிய நூல். அதில் வரும் முதியவர்கள் தங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசும்போது குரல் மாறுகிறது. கல்லூரி முடித்த கறுப்பின ஆசிரியர்கள், கண்டிப்பு, இசைக்குழு, விளையாட்டு அணி, "நீ இங்கேயே கிடக்கப் போவதில்லை" என்று தினமும் சொல்லி வளர்த்த பெரியவர்கள். 1954இல் உச்ச நீதிமன்றம் பள்ளிப் பிரிவினை செல்லாது என்றது. தீர்ப்பு மலையேறி வந்து சேர ஏறத்தாழப் பத்து வருடம் ஆனது. வந்தபோது மூடப்பட்டது கறுப்பினப் பள்ளி. அந்தப் பிள்ளைகள் வெள்ளையர் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கறுப்பினப் பள்ளிக்கு வெள்ளைப் பிள்ளைகளை அனுப்புவது பற்றி யாரும் யோசிக்கவில்லை. அப்படித்தான் அமெரிக்கத் தெற்கு முழுவதும் நடந்தது, ஆயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள்.

எங்கள் வட்டத்தில் ஒருவர் கேட்டார்: ஒதுக்கி வைத்த பள்ளிக்கூடத்துக்காக ஏங்குவது, ஒதுக்கலுக்காகவே ஏங்குவதாகாதா? நியாயமான கேள்விதான். ஆனால் அந்த முதியவர்கள் ஏங்குவது பூட்டிய கதவுக்காக அல்ல என்று நாங்கள் படிக்கிறோம். கதவுக்கு இந்தப் பக்கம் தாங்களே கட்டி எழுப்பிய ஒன்றுக்காக ஏங்குகிறார்கள். சேர்ந்து வாழலாம் என்று அழைத்தவர்கள், நீ உன்னுடையதை இடித்துவிட்டு எங்களுடையதற்குள் வா என்றுதான் அழைத்தார்கள். இணைப்பின் விலையை ஒரு பக்கத்தார் மட்டுமே கொடுத்தார்கள். இதைச் சொன்னால் பிரிவினைவாதி என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

வேலை போனதும் லிஞ்ச் காலியாகத் தொடங்கியது. அதற்கு முன்பிருந்தே தகப்பன்மார் தங்கள் மகன்கள் சுரங்கத்துக்குள் காலடி வைப்பதை விரும்பவில்லை. பள்ளி முடித்த சில நாட்களில் பிள்ளைகள் டெட்ராய்ட், சிகாகோ, கிளீவ்லாந்து என்று பேருந்து ஏறினார்கள். கம்பெனி வீடுகளைக் குடியிருந்தவர்களுக்கே விற்றுவிட்டு மெல்லக் கையைக் கழுவியது, 1984இல் சுரங்கங்களையும் வேறொரு நிறுவனத்துக்கு விற்றது. கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் சிதறிப்போனவர்கள் 1970ஐ ஒட்டி 'ஈஸ்டர்ன் கென்டக்கி சோஷியல் கிளப்' என்று ஒரு சங்கம் வைத்தார்கள். பல நகரங்களில் அதற்குக் கிளைகள். ஆண்டுதோறும் ஒரு நகரத்தில் கூடுவார்கள், மே மாதக் கடைசியில் போரில் உயிரிழந்த படைவீரர்களை நினைக்கும் விடுமுறைக்கு லிஞ்சுக்கே திரும்பி வருவார்கள். அங்கே அவர்கள் கூடும் இடம் எது தெரியுமா? மூடப்பட்ட அந்தக் கறுப்பினப் பள்ளிக்கூடக் கட்டடம். அதை இன்றும் அவர்கள்தான் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். எழுநூறு பேர்கூட இல்லாத ஊர், அந்த நாட்களில் கார்களால் நிரம்பிவிடுமாம்.

இவ்வளவு இருந்தும், அமெரிக்கா தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் நிலக்கரிக் கதையில் இவர்கள் இல்லை. 1964இல் அதிபர் லிண்டன் ஜான்சன் வறுமைக்கு எதிரான போர் என்று அறிவித்துவிட்டுக் கிழக்குக் கென்டக்கிக்கு வந்து ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து படம் எடுத்துக்கொண்டார். அது ஒரு வெள்ளைக் குடும்பம். 2016இல் ஜே.டி. வான்ஸ் தன் கிழக்குக் கென்டக்கிப் பூர்வீகத்தை வைத்து எழுதிய 'ஹில்பில்லி எலெஜி' விற்பனையில் கொடிகட்டிப் பறந்தது. வெள்ளைத் தொழிலாளியின் கோபத்தைப் புரிந்துகொள்ள உதவும் நூல் என்று தாராளவாதிகளும் அதை வாங்கிப் படித்தார்கள். நூலாசிரியர் பிறகு எங்கே போய்ச் சேர்ந்தார் என்று உலகத்துக்கே தெரியும். நிலக்கரி ஊர் என்றால் வெள்ளை, கறுப்பர் என்றால் பெருநகரச் சேரி என்று இரண்டு பெட்டிகள் தயாராக இருக்கின்றன. லிஞ்சில் பிறந்து வளர்ந்த கறுப்பினச் சமூகவியலாளர் வில்லியம் டர்னர், 1985இலேயே அப்பலாச்சியக் கறுப்பினத்தவர் பற்றி ஒரு தொகுப்பு நூல் கொண்டுவந்து, 2021இல் 'தி ஹார்லன் ரெனசான்ஸ்' எழுதும்வரை இதே பெட்டிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். கென்டக்கிக் கவிஞர் ஃபிராங்க் எக்ஸ் வாக்கர் 'அஃப்ரிலாச்சியா' என்று ஒரு புதுச் சொல்லையே உண்டாக்க வேண்டியிருந்தது. இருக்கிறோம் என்று சொல்வதற்கே ஒரு சொல் தேவைப்பட்ட நிலை.

ஆகவே வெள்ளைத் தொழிலாளி நம் எதிரி என்று முடிவு கட்டுகிறோமா? அப்படிப் படித்தால் தவறாகப் படித்ததாகிவிடும். கரித்தூள் நுரையீரலில் படிந்து வரும் நோயை அங்கே 'கறுப்பு நுரையீரல்' என்பார்கள். 2018இல் வெளிவந்த அரசு ஆய்வாளர்களின் கணக்குப்படி, மத்திய அப்பலாச்சியாவில் இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்த தொழிலாளர்களில் ஐந்தில் ஒருவருக்கு அந்த நோய். இன்று வேலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர், மூச்சுத் திணறிச் சாவதும் அவர்கள்தான். 2019 ஜூலையில் பிளாக்ஜூவல் என்ற நிறுவனம் திவாலானபோது, லிஞ்சுக்குப் பக்கத்து ஊரான கம்பர்லாந்தில் தொழிலாளர்கள் ரயில் தண்டவாளத்தில் உட்கார்ந்து கரி ரயிலை மறித்தார்கள். வங்கிக் கணக்கில் போட்ட சம்பளத்தையே திரும்ப எடுத்துக்கொண்டது நிறுவனம். "எங்கள் கூலியைத் தராமல் கரி போகாது" என்ற அந்தக் கோரிக்கையில் நமக்கு ஒரு மாற்றுக் கருத்தும் இல்லை. ஊருக்குக் குடிதண்ணீர் தரும் மலையை வெட்டக் கூடாது என்று லிஞ்சில் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர்களே நின்று போராடியதும் உண்டு. இடைச்செருகலாக ஒன்று: பக்கத்திலுள்ள பென்ஹாம் ஊரின் நிலக்கரி அருங்காட்சியகம் மின்கட்டணத்தைக் குறைக்க 2017இல் தன் கூரையில் சோலார் தகடு பொருத்திக்கொண்டது. கரியைக் கும்பிடச் சொல்லும் அரசியல்வாதிகளைவிட அந்த அருங்காட்சியகத்துக்கு நடப்பு தெரிந்திருக்கிறது.

ஒற்றுமை வேண்டாம் என்று நாங்கள் எந்த மேடையிலும் சொன்னதில்லை. ஒற்றுமைக்கு அழைக்கும்போது கணக்குப் புத்தகத்தையும் கூடவே எடுத்து வாருங்கள் என்கிறோம். யாருக்கு எந்த அறை, யார் கையில் இயந்திரம், சங்க மேடையில் நடு நாற்காலி யாருக்கு, ஆட்குறைப்பு என்றால் முதல் பெயர் யாருடையது? இவற்றைக் கேட்பவர் பிரிக்கிறார் என்றால், ஏற்கெனவே பிரித்து வைத்தவருக்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

லிஞ்சில் 31ஆம் எண் சுரங்க வாயிலை இப்போது சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். கட்டணம் செலுத்தினால் சிறு ரயிலில் ஏற்றி உள்ளே கூட்டிப் போவார்கள், பேசும் பொம்மைகள் அந்தக் காலத்துக் கதை சொல்லும். வெளிச்சம் போட்ட சுரங்கத்துக்குள் எல்லோரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்து போகிறார்கள், யாரும் முழங்காலில் ஊர வேண்டியதில்லை.

அடுத்த மாதம் எங்கள் வட்டத்தில் அதே படத்தை இன்னொரு முறை போடுகிறோம். இந்த முறை படத்துக்கு முன்பாகக் காரிடா பிரவுனின் நூலிலிருந்து சில நேர்காணல்களின் சாரத்தைத் தமிழில் சொல்லப் போகிறோம். அந்தத் தோழருக்குத் தொலைபேசியில் அழைப்புச் சொன்னோம். "சண்டை போடத்தான கூப்பிடுறீங்க?" என்றார். ஆமாம் என்றோம். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஆறு மணிக்கே தொடங்கிவிடுவோம், கடைசிப் பேருந்துக்கு முன்னால் பேசி முடிக்க வேண்டும்.